தொலைதூர விண்மீன் திரள்களின் செம்பெயர்ச்சிக்கு விரிவாக்கம் தவிர வேறு விளக்கம் உண்டா?

விடிவெள்ளி:

அனைவருக்கும் வணக்கம். நான் இயற்பியல் இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவி. கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராஜேந்திர குப்தா 2023-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையைப் பற்றிப் படித்ததிலிருந்து ஒரு கேள்வி மனத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி படம்பிடித்த மிகத் தொலைவான விண்மீன் திரள்கள் தம் வயதுக்கு மீறிய வளர்ச்சி பெற்றவையாகத் தெரிகின்றன என்பதும், ஒளி வரும் வழியிலேயே ஆற்றலை இழக்கிறது என்ற பழைய கருத்தைப் பிரபஞ்சத்தின் விரிவாக்கத்தோடு சேர்த்துக் கணக்கிட்டால் அதன் வயது 1,380 கோடி ஆண்டுகளிலிருந்து 2,670 கோடி ஆண்டுகளாக உயரும் என்பதும் அவருடைய வாதம்.

நாம் கையில் எடுத்து அளப்பது நிறமாலைக் கோடுகள் சிவப்பு நோக்கி நகரும் இடமாற்றத்தை, அதாவது செம்பெயர்ச்சியை, மட்டுமே. ஒரு விண்மீன் திரள் விலகிச் செல்வதை யாரும் கண்ணால் கண்டதில்லை. அப்படியிருக்க, இடமாற்றத்துக்குக் காரணம் விரிவாக்கம்தான் என்று எந்த அடிப்படையில் சொல்கிறோம்? வகுப்பில் கேட்டபோது, பாடத்தில் உள்ளதைப் படித்தால் போதும் என்ற பதில்தான் கிடைத்தது. இங்கே விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கதிர்க்கோல்:

விடிவெள்ளி, இதே ஐயத்தைத் தம் ஆய்வுக்காலம் முழுவதும் வைத்திருந்தவர்களுள் வானியலாளர் எட்வின் ஹபிளும் ஒருவர். எனவே கேட்டதற்காக நீங்கள் கூச வேண்டியதில்லை.

அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள லோவெல் வானாய்வகத்தில் வெஸ்டோ ஸ்லைஃபர் 1912-இல் ஆந்திரமேடா திரளின் நிறமாலையைப் பதிவு செய்தபோது அவருக்குக் கிடைத்தது செம்பெயர்ச்சி அன்று, நீலப்பெயர்ச்சி. நொடிக்குச் சுமார் 300 கிலோமீட்டர் வேகத்தில் ஆந்திரமேடா நம்மை நோக்கி வருகிறது. 1917-க்குள் அவர் அளந்த 25 சுருள் நெபுலாக்களில் (இன்று அவற்றை விண்மீன் திரள்கள் என்கிறோம்) 21 விலகிச் செல்பவையாகத் தெரிந்தன. செஃபீடு விண்மீன்களின் பிரகாசம் ஏறி இறங்கும் கால அளவைக் கொண்டு அவற்றின் உண்மை ஒளியளவை அறியலாம் என்று ஹென்ரியெட்டா லெவிட் கண்டறிந்த விதியின் துணையோடு ஹபிள் தொலைவுகளைக் கணக்கிட்டு, தொலைவு கூடக் கூடச் செம்பெயர்ச்சியும் கூடுகிறது என்று 1929-இல் காட்டினார். ஆனால் அதை உண்மையான வேகம் என்று உறுதியாகச் சொல்வதைத் தவிர்த்து, தோற்ற வேகம் என்றே எழுதிவந்தார். பெல்ஜியத்தின் லெமெய்த்ர் 1927-லேயே விரிவடையும் பிரபஞ்சத்தின் கணக்கைப் போட்டிருந்தபோதிலும், ஹபிள் தம் அளவீட்டையும் அதற்கான விளக்கத்தையும் தனித்தனியாகவே வைத்திருந்தார்.

அதே 1929-இல் வானியலாளர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி முன்வைத்ததுதான் பின்னாளில் 'களைத்த ஒளி' என்று பெயர் பெற்ற கருத்து. நெடுந்தொலைவு வரும் ஒளித்துகள் சிறுகச் சிறுக ஆற்றலை இழக்கிறது, ஆற்றல் குறைந்தால் அலைநீளம் கூடும், ஆகவே வெகுதொலைவிலிருந்து வரும் ஒளி அதிகம் சிவக்கிறது என்பது அதன் சாரம். வழியிலுள்ள எலக்ட்ரான்களில் மோதி ஒளி ஆற்றல் இழக்குமா என்பதை ஸ்விக்கியே ஆராய்ந்து, அப்படி மோதினால் ஒளி திசை சிதறி, தொலைவிலுள்ள பொருள்கள் மங்கிக் கலங்கித் தெரிய வேண்டும் என்று கூறி அதைக் கைவிட்டார். ஈர்ப்பு விசையால் ஏற்படும் ஒருவகை இழுவை காரணமாக இருக்கலாம் என்பது அவர் தேர்ந்தெடுத்த வழி. தம் கருத்தைத் தாமே இப்படிச் சோதித்துப் பார்த்த அந்த நேர்மைக்காகவே அவர்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு.

வான்குறி:

கதிர்க்கோல் ஐயா சொன்னதோடு, இடமாற்றம் எப்படிப்பட்டது என்பதையும் விடிவெள்ளி நேரில் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஸ்லோன் வான்கணக்கெடுப்பின் நிறமாலைகள் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கின்றன. முதிய நீள்வட்டத் திரள் ஒன்றின் நிறமாலையை எடுத்தால் நீலப் பக்கத்தில் பள்ளம் பள்ளமாக இரண்டு கோடுகள் அருகருகே இருக்கும். அவை கால்சியத்தின் கோடுகள். ஆய்வகத்தில் அவற்றின் இடம் 3,934, 3,968 ஆங்ஸ்ட்ராம் (ஒளியின் அலைநீளத்தை அளக்கும் அலகு), இடைவெளி 34. செம்பெயர்ச்சி மதிப்பு 0.1 உள்ள ஒரு திரளில் அவை 4,327-க்கும் 4,365-க்கும் சென்றிருக்கும். இடைவெளியும் 34-லிருந்து 37-க்கு மேல் அகன்றிருக்கும். 5,175-இல் இருக்க வேண்டிய மக்னீசியப் பள்ளம் 5,692-லும், 5,893-இல் இருக்க வேண்டிய சோடியப் பள்ளம் 6,482-லும் இருக்கும். எல்லாம் ஒரே விகிதத்தில், 1.1 மடங்கு. நான் முதன்முதலாக இதை அச்செடுத்து அளவுகோல் வைத்துக் கணக்கிட்ட இரவில், நான்கு கோடுகளும் ஒரே எண்ணைத் தந்ததைக் கண்டு வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இது கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு முடிவதில்லை. ஹைட்ரஜன் வாயு வெளியிடும் 21 சென்டிமீட்டர் ரேடியோ அலையும் அதே விகிதத்தில்தான் நீள்கிறது. அந்த அலை சிவப்பு ஒளியைப் போல மூன்று லட்சம் மடங்கு நீளமானது. தூசியோ பிளாஸ்மாவோ ஒளியைத் தடுத்து மாற்றும்போது குறுகிய அலைக்கு ஒரு விளைவும் நீண்ட அலைக்கு வேறொரு விளைவும் ஏற்படுவதே இயல்பு. மாலைச் சூரியன் சிவப்பது அப்படித்தான். அங்கே நீலம் சிதறிப் போகிறதே தவிர, கோடுகள் இடம் மாறுவதில்லை. எனவே மாற்று விளக்கம் எதுவானாலும் எல்லா அலைநீளங்களையும் பாகுபாடின்றி ஒரே மடங்கு நீட்ட வேண்டும்; அதே நேரத்தில் ஒளியைத் துளியும் சிதறடிக்கக் கூடாது.

பொருநை:

இந்த இழையில் மாற்றுக் கருத்தின் பக்கத்தைச் சொல்ல ஒருவராவது இருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

ஹால்டன் ஆர்ப் என்ற பெயரை இன்றைய மாணவர்கள் பலர் கேள்விப்படுவதே இல்லை. 1966-இல் 338 விசித்திரத் திரள்களின் படத்தொகுப்பை வெளியிட்டவர் அவர். என்ஜிசி 4319 என்ற திரளையும் அதன் அருகிலேயே தெரியும் மார்கேரியன் 205 என்ற குவாசரையும் (மிகப் பிரகாசமான திரள் மையம்) அவர் எடுத்துக்காட்டினார். முதலாவதன் செம்பெயர்ச்சி நொடிக்குச் சுமார் 1,700 கிலோமீட்டருக்கு ஈடானது. இரண்டாவதன் செம்பெயர்ச்சி 21,000 கிலோமீட்டருக்கு ஈடானது. இரண்டுக்கும் இடையே ஒளிப்பாலம் ஒன்று தெரிவதாக அவர் வாதிட்டார். என்ஜிசி 7603-இல் ஓர் இழையின் முனையில் இன்னொரு திரள் அமர்ந்திருக்கிறது. அதன் செம்பெயர்ச்சி மூலத் திரளினுடையதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. அந்த இழையின் மீதே இன்னும் அதிகச் செம்பெயர்ச்சி கொண்ட இரண்டு பொருள்கள் இருப்பதாக 2002-இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் அளந்து காட்டினர். இவை உண்மையிலேயே இணைந்தவை என்றால், செம்பெயர்ச்சியின் ஒரு பகுதி தொலைவால் வந்ததன்று. அப்பொருளின் உள்ளியல்பால் வந்தது.

இதற்குக் கோட்பாட்டு அடித்தளம் இல்லை என்றும் சொல்ல முடியாது. நம் ஜெயந்த் நார்லிகர், காலப்போக்கில் துகள்களின் நிறை கூடும் என்ற அடிப்படையில், புதிதாகப் பிறந்த பருப்பொருளில் எலக்ட்ரானின் நிறை குறைவாக இருக்கும், ஆகவே அதன் ஒளி அதிகம் சிவந்திருக்கும் என்று கணக்கிட்டுக் காட்டினார். ஆர்ப்புக்கு 1980-களில் தொலைநோக்கி நேரம் மறுக்கப்பட்டு, அவர் ஜெர்மனிக்குச் செல்ல நேர்ந்தது. அறிவியலில் ஒரு கருத்தைத் தரவுகளால் தோற்கடிக்கலாம்; வானத்தைப் பார்க்கவே விடாமல் தோற்கடிப்பது முறையன்று என்று இன்றும் வருந்துகிறேன்.

கதிர்க்கோல்:

பொருநை அவர்களின் வருத்தத்தில் நானும் பங்குகொள்கிறேன். எனினும் ஆர்ப் காட்டிய எடுத்துக்காட்டுகளைப் பிறகு வந்த கருவிகள் சோதித்திருக்கின்றன. அதையும் சொல்ல வேண்டும். மார்கேரியன் 205-இன் ஒளியை ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி ஆராய்ந்தபோது, என்ஜிசி 4319-இன் செம்பெயர்ச்சியிலேயே மக்னீசிய உறிஞ்சு கோடுகள் காணப்பட்டன. அதாவது குவாசரின் ஒளி அந்தத் திரளின் வாயுவைக் கடந்து வந்திருக்கிறது. குவாசர் அதற்குப் பின்னால் இருக்கிறது. ஜன்னல் திரைக்குப் பின்னால் விளக்கு இருந்தால் திரையின் நெசவு ஒளியில் தெரிவதைப் போன்றது இது.

ஸ்டீஃபன் ஐவர் என்ற கூட்டமும் ஆர்ப் முன்வைத்த சான்றுகளுள் ஒன்று. ஐந்தில் என்ஜிசி 7320 மட்டும் நொடிக்கு 800 கிலோமீட்டருக்கு ஈடான செம்பெயர்ச்சி கொண்டது. மற்றவை 6,000 அளவில் இருப்பவை. 2022 ஜூலையில் வெளியான ஜேம்ஸ் வெப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். என்ஜிசி 7320-இல் விண்மீன்கள் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிந்து தெரிகின்றன. அருகில் இருப்பதால்தான் அப்படிப் பிரிந்து தெரிகிறது. அது சுமார் 4 கோடி ஒளியாண்டு தொலைவிலும், மற்றவை 29 கோடி ஒளியாண்டு அளவிலும் உள்ளன. செம்பெயர்ச்சி சொன்ன வரிசையும் அதுதான்.

1979-இல் கண்டறியப்பட்ட இரட்டைக் குவாசர் இன்னும் வலுவான சான்று. ஒரே குவாசர், நடுவிலுள்ள திரளின் ஈர்ப்பால் ஒளி வளைந்து, இரண்டு உருவங்களாகத் தெரிகிறது. குவாசரின் செம்பெயர்ச்சி 1.41; வளைக்கும் திரளினுடையது 0.36. ஓர் உருவத்தில் ஏற்படும் பிரகாச மாற்றம் மற்றதில் சுமார் 417 நாள் கழித்தே தெரிகிறது. ஒளியை வளைக்கும் பொருள் முன்னாலும் வளையும் ஒளியின் மூலம் வெகு பின்னாலும் இருந்தால்தான் இது நடக்கும். இத்தகைய ஈர்ப்பு வில்லைகள் இன்று ஏராளமாகத் தெரியும். செம்பெயர்ச்சி அதிகமானதே எப்போதும் பின்னால் இருக்கிறது.

என்ஜிசி 7603-இன் இழை மட்டும் எனக்கும் இன்னும் உறுத்தலாகவே இருக்கிறது. கோடிக்கணக்கான திரள்களில் சில தற்செயலாக ஒரே கோட்டில் அமையும் என்பது சரிதான். ஆனாலும் அந்தப் படத்தைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஆர்ப் ஏன் விடாமல் போராடினார் என்பது புரிகிறது.

மலைச்சாரல்:

ஈர்ப்புச் செம்பெயர்ச்சியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று இடையில் வருகிறேன். வலுவான ஈர்ப்பிலிருந்து வெளியேறும் ஒளியும் சிவக்கும். சூரியனில் அது நொடிக்கு 633 மீட்டருக்கு ஈடான மிகச் சிறிய அளவு. அதை அளக்க நம் கொடைக்கானல் வானாய்வகத்தில் ஜான் எவர்ஷெட் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டார். சூரியக் கோடுகள் சிவப்பு நோக்கி நகர்ந்திருப்பதற்குப் பூமியே ஏதாவது ஒரு வகையில் காரணமாக இருக்குமோ என்ற ஐயம் எழுந்தபோது, வெள்ளிக் கோளில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியை ஆராய்ந்து, சூரியனின் வேறொரு முகத்திலும் அதே நகர்வு உண்டா என்று பார்த்தார். மாற்று விளக்கத்தைச் சோதிக்க அவர் தேர்ந்த வழி எவ்வளவு அழகானது!

குவாசர்களுக்கு இந்த விளக்கம் பொருந்தாது என்று கிரீன்ஸ்டைனும் மார்ட்டன் ஷ்மிட்டும் 1964-லேயே காட்டிவிட்டார்கள். ஈர்ப்பால் அவ்வளவு செம்பெயர்ச்சி ஏற்பட வேண்டுமானால், வெவ்வேறு ஆழத்திலுள்ள வாயு வெவ்வேறு அளவு சிவந்து கோடுகள் பரந்து கலங்கிவிடும். மேலும் குவாசர்களில் காணப்படும் சில கோடுகள் மிக அடர்த்தி குறைந்த வாயுவில்தான் தோன்ற முடியும்.

விடிவெள்ளி:

எல்லோருக்கும் நன்றி. செம்பெயர்ச்சி அதிகமானவை உண்மையிலேயே தொலைவில் இருக்கின்றன என்பது இப்போது விளங்குகிறது. ஆனால் களைத்த ஒளிக் கருத்தும் அதைத்தானே சொல்கிறது? தொலைவு கூடினால் களைப்பும் கூடும். அந்தக் கருத்தையும் விரிவாக்கத்தையும் பிரித்தறியும் சோதனை எது?

வான்குறி:

கடிகாரம். என் பார்வையில் இந்த விவாதம் முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது.

வெளி விரிவதால் அலை நீள்கிறது என்றால், இரண்டு அலை முகடுகளுக்கு இடையிலான நேரம் நீள்வதைப் போலவே, அங்கிருந்து வரும் எந்த இரண்டு நிகழ்வுகளுக்கும் இடையிலான நேரமும் அதே மடங்கு நீள வேண்டும். ஒளித்துகள் வெறுமனே ஆற்றலை இழக்கிறது என்றால், நிறம் மாறுமே தவிர நிகழ்வுகளின் வேகம் மாறாது. நமக்குத் தேவை, தொலைவில் வைக்கப்பட்ட ஒரு கடிகாரம். ஒன்று-ஏ வகைச் சூப்பர்நோவாக்கள், அதாவது ஏறத்தாழ ஒரே மாதிரி நிகழும் விண்மீன் வெடிப்புகள், அப்படிப்பட்டவை. வெடித்து உச்ச ஒளியை எட்ட அவற்றுக்குச் சுமார் 20 நாள் ஆகிறது. செம்பெயர்ச்சி மதிப்பு 1 உள்ள இடத்தில் நிகழும் வெடிப்பு, விரிவாக்கம் உண்மையானால் நமக்கு 40 நாளில் உச்சம் எட்டுவதாகத் தெரிய வேண்டும். களைத்த ஒளி உண்மையானால் 20 நாளில்.

1990-களின் நடுவிலேயே முதல் அளவீடுகள் வந்துவிட்டன. 2024-இல் கரும் ஆற்றல் கணக்கெடுப்புக் குழு 1,504 சூப்பர்நோவாக்களை வைத்து, நேரம் (1 + செம்பெயர்ச்சி) என்ற மடங்கின் எந்த அடுக்குப்படி நீள்கிறது என்று அளந்தது. விரிவாக்கத்தின்படி அந்த அடுக்கு 1. களைத்த ஒளியின்படி 0. கிடைத்த விடை 1.003, பிழை வரம்பு 0.01 அளவே.

பொருநை:

இதில் எனக்கு ஒரு தடை உண்டு. பிரகாசமான ஒன்று-ஏ வெடிப்புகள் இயல்பாகவே மெதுவாக மங்குபவை. வெகுதொலைவில் பிரகாசமானவையே நம் கண்ணில் படும். அப்படியானால் தொலைவில் மெதுவானவை அதிகம் கிடைப்பது தேர்வுப் பிழையாக இருக்கலாம் அல்லவா? அத்துடன், குவாசர்களின் ஒளி ஏற்ற இறக்கத்தில் நேர நீட்சி தென்படவில்லை என்று எடின்பரோவின் மைக் ஹாக்கின்ஸ் 2010-இல் எழுதியதையும் மறக்கக் கூடாது.

வான்குறி:

தேவையான தடைதான். இயல்பான வேறுபாடு சிறியது. செம்பெயர்ச்சி 1-இல் தேவைப்படும் இரு மடங்கை அது தராது. அதையும் நம்பாமல், 2008-இல் வேறொரு குழு ஒளியளவையே விட்டுவிட்டு, நிறமாலையைக் கொண்டு வெடிப்பின் வயதைக் கணித்தது. வெடித்து எத்தனை நாள் ஆனது என்பதைக் கோடுகளின் வடிவமே காட்டிக்கொடுக்கும். குழந்தையின் பற்களைப் பார்த்து வயது சொல்வதைப் போல. ஒரே சூப்பர்நோவாவை இருமுறைக்குக் குறையாமல் படம்பிடித்து, நம் நாட்காட்டியில் எத்தனை நாள் கழிந்தது, அதன் உடலில் எத்தனை நாள் கழிந்தது என்று ஒப்பிட்டபோது, அங்கே நேரம் விரிவாக்கம் சொன்ன அளவிலேயே மெதுவாக ஓடியது. இதில் பிரகாசத்துக்கு இடமே இல்லை.

குவாசர் செய்தி எனக்கும் நெடுநாள் உறுத்தலாகவே இருந்தது. 2023-இல் ஜெரேண்ட் லூயிஸும் பிரெண்டன் புரூவரும் இருபது ஆண்டுகள் கண்காணிக்கப்பட்ட 190 குவாசர்களை, ஒத்த பிரகாசமுள்ளவற்றை ஒத்தவற்றோடு வைத்து ஆராய்ந்தபோது நேர நீட்சி தெளிவாக வெளிப்பட்டது.

கதிர்க்கோல்:

வெப்பநிலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்வெளியை நிறைத்திருக்கும் நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சின் இன்றைய வெப்பநிலை 2.725 கெல்வின். விரிவாக்கத்தின்படி முற்காலத்தில் அது கூடுதலாக இருந்திருக்க வேண்டும். புனேயிலுள்ள ஐயூகா நிறுவனத்தின் ரகுநாதன் ஸ்ரீஆனந்தும் அவருடைய குழுவினரும், செம்பெயர்ச்சி 2.418 உள்ள ஒரு திரளின் வாயுவில் கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகள் எந்த அளவு கிளர்ந்திருக்கின்றன என்பதைச் சிலியிலுள்ள பெருந்தொலைநோக்கியால் அளந்து, 2008-இல் 9.15 கெல்வின் என்ற விடையைப் பெற்றனர், எதிர்பார்த்தது 9.3. நார்லிகர் நிறுவிய நிறுவனத்திலிருந்தே இந்த அளவீடு வந்தது என்பதை நினைக்கும்போது நெஞ்சு நிறைகிறது. மாற்றுக் கருத்தையும் அதைச் சோதிக்கும் கருவியையும் ஒரே கூரையின்கீழ் வளர்த்த மனிதர் அவர்.

தொலைவிலுள்ள திரள்களின் பரப்புப் பிரகாசம் மங்கும் அளவை வைத்துச் செய்யப்படும் டோல்மன் சோதனையை நான் அதிகம் வலியுறுத்துவதில்லை. திரள்கள் காலப்போக்கில் தாமே மாறுகின்றன. அந்தத் திருத்தத்தைப் பொறுத்து விடையும் நகர்கிறது.

விடிவெள்ளி:

இன்னும் இரண்டு கேள்விகள். சிவந்த ஒளி இழந்த ஆற்றல் எங்கே போகிறது? குப்தாவின் கலப்புக் கருத்து இச்சோதனைகளைத் தாண்டுமா?

கதிர்க்கோல்:

ஆற்றல் மாறா விதி, காலத்தைப் பொறுத்து மாறாத வெளிக்கு உரியது. விரிந்துகொண்டிருக்கும் பிரபஞ்சம் முழுமைக்கும் அதை அப்படியே எழுத முடியாது என்பது பொதுச் சார்பியல் தரும் விடை. நிலையான வெளியில் ஒளி களைக்கிறது என்பவருக்கோ அந்தச் சலுகை இல்லை. ஆற்றல் எங்கே சேர்ந்தது என்று அவர் காட்டியாக வேண்டும்.

கலப்புக் கருத்தைப் பொறுத்தவரை, செம்பெயர்ச்சியின் எந்தப் பங்கைக் களைப்புக்குக் கொடுக்கிறோமோ அந்தப் பங்குக்கு நேரம் நீளாது. 1.003 என்ற அளவீடு அதற்கு மிகக் குறுகிய இடத்தையே விடுகிறது. அதை ஈடுகட்ட வேறு வழி காட்டுவது அவர் கடமை. ஜேம்ஸ் வெப் கண்ட தொடக்ககாலத் திரள்கள் உண்மையிலேயே வியப்பளிப்பவை. செம்பெயர்ச்சி 14-ஐத் தாண்டியவை நிறமாலையால் உறுதியாகியுள்ளன. 16-க்கு மேல் என்று 2022-இல் கருதப்பட்ட ஒன்று 4.9-தான் என்றும் பின்னர் தெரிந்தது. முதல் விண்மீன்கள் எப்படித் திரண்டன என்ற நம் கணக்கைத் திருத்த வேண்டியிருக்கலாம்.

பொருநை:

நேர நீட்சிச் சான்றுக்கு என்னிடம் மறுப்பு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் இவை அனைத்தும் பல பொருள்களை ஒப்பிட்டுப் பெற்ற முடிவுகள். ஒரே பொருளின் செம்பெயர்ச்சி கண்முன் மாறுவதைக் காண வழியுண்டா?

வான்குறி:

உண்டு. ஆலன் சாண்டேஜ் 1962-லேயே அதை எழுதிவிட்டார். விரிவாக்க வேகம் காலத்தால் மாறுவதால், ஒரே குவாசரின் ஒளியில் உள்ள ஹைட்ரஜன் உறிஞ்சு கோடுகள் ஆண்டுகள் செல்லச் செல்ல நகர வேண்டும். பத்து ஆண்டுகளுக்கு நொடிக்குச் சில சென்டிமீட்டருக்கு ஈடான நகர்வு. எறும்பு ஊரும் வேகம். மேலும் அருகிலுள்ளவற்றின் செம்பெயர்ச்சி கூட வேண்டும், வெகுதொலைவில் உள்ளவற்றின் செம்பெயர்ச்சி குறைய வேண்டும். நிலையான வெளியில் ஒளி களைக்கிறது என்றால் நகர்வே இருக்காது. சிலியின் ஆர்மசோனஸ் மலையில் 39 மீட்டர் ஆடியுடன் கட்டப்பட்டுவரும் தொலைநோக்கிக்கு இதை ஒரு குறிக்கோளாக வைத்திருக்கிறார்கள். முதல் நிறமாலையை எடுத்தவர்களே இரண்டாவதையும் எடுப்பார்கள் என்று சொல்வதற்கில்லை. விடிவெள்ளியின் வயதில் இருப்பவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் நிலையில் இருப்பார்கள்.

விடிவெள்ளி:

ஸ்லோன் தளத்திலிருந்து ஒரு திரளின் நிறமாலையை இன்று மாலை இறக்கிக்கொண்டேன். கால்சியம் இரண்டு கோடும் சோடியமும் கிடைத்துவிட்டன, மூன்றும் 1.08 என்றே வருகின்றன. மக்னீசியத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.